டி-டிராக் வாங்குமுன் பலகையைத் தயார் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மரவேலை செய்ய விரும்புவோருக்கு எந்த மெஷின் வாங்கலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். அந்த மெஷினின் மேசைமீது மரத்தை எப்படி அசையாமல் நிறுத்துவது என்பதைச் சொல்வோர் குறைவு. விபத்து நேர்வதும் வேலை கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். தங்கள் நாளிதழ் வாசகர்களில் பலர் 13 மி.மீ. சக் (பிட் எனும் துளையிடும் முனையைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) கொண்ட மேசை டிரில் மெஷின் வைத்திருப்பார்கள் என்பதால், அதையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த மெஷினோடு வரும் சிறிய வார்ப்பிரும்பு மேசை இரும்பு வேலைக்கானது. அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்சுக்கு (கதவில் குழித்துப் பதிக்கும், தானே மூடும் கீல்) 35 மி.மீ. குழி எடுக்கும்போது, கதவின் பெரும்பகுதி மேசைக்கு வெளியே தொங்கும். பிட் மரத்தைக் கவ்வினால் கதவு கையோடு சுழலும். இதைத் தடுப்பதற்கு இரும்பு மேசையின் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதில் இரண்டு டி-டிராக் (போல்ட் தலை உள்ளே நகரும்படி டி வடிவப் பள்ளம் கொண்ட உலோகப் பட்டை), ஒரு ஃபென்ஸ் (மரத்தை ஒட்டி நிறுத்தும் தடுப்புக் கட்டை), இரண்டு பிடிப்பான் கிளாம்ப் போதும். கடையில் இருபது உறுப்புகள் அடங்கிய செட்டாக விற்பதில் பாதி பெட்டியிலேயே கிடக்கும்.

இணையக் கடைகளில் அதிகம் கிடைப்பது 30 மி.மீ. அகலமும் 12.8 மி.மீ. உயரமும் உள்ள அலுமினிய டிராக். பலரும் 18 மி.மீ. பலகை ஒன்றில் ரவுட்டர் எனும் மரம் செதுக்கும் மெஷினால் பள்ளம் எடுத்து அதில் இதைத் திருகிவிடுகிறார்கள். பள்ளத்துக்கு அடியில் மிஞ்சுவது 5 மி.மீ. மரம். கிளாம்பை முறுக்கும்போது மரத்துண்டு கீழே அழுந்தும். அதே விசை டிராக்கை மேலே இழுக்கும். 5 மி.மீ. மரத்தில் பிடித்திருக்கும் திருகு எத்தனை நாள் தாங்கும்? பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ரவுட்டரே இல்லாமல் இதைச் சரியாகச் செய்ய வழி உண்டு. அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், 600 × 400 மி.மீ. அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட்டை மூன்று துண்டுகளாக ஒட்ட வேண்டும்: நடுத்துண்டு 270 மி.மீ., இரு ஓரத் துண்டுகளும் தலா 135 மி.மீ. அகலம். இடையில் விடும் இரண்டு 30 மி.மீ. சந்துகளில் டிராக் உட்காரும். மேல் துண்டுகளில் முதலிலேயே 1 மி.மீ. மைக்கா ஒட்டிக்கொண்டால் 12-உம் 1-உம் சேர்ந்து 13, டிராக்கின் 12.8-ஐ விட ஒரு நூலிழை உயரம். நமக்கு வேண்டியதும் அதுதான். டிராக் 0.2 அல்லது 0.3 மி.மீ. தாழ்ந்திருப்பதில் கெடுதல் இல்லை. எழும்பி நின்றால் வைக்கிற மரம் ஆடும், துளை சாய்ந்துபோகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை: 12 என்று விற்கும் பிளைவுட் சில சமயம் 11.6 கூட இருக்காது. வெர்னியரால் அளந்து வாங்குங்கள். குறைந்தால் மேல் துண்டுகளுக்கு அடியில் மெல்லிய வெனீர் (மரத்தாள்) சேர்க்கலாம். அதிகமானால் டிராக்குக்கு அடியில் காகிதப் பட்டை வைக்கலாம். மைக்காவை மேலே மட்டும் ஒட்டினால் பலகை வளையும் என்பதால் அடிப்பலகையின் கீழ்ப்புறமும் ஒட்டியே ஆக வேண்டும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் வெட்டு விளிம்பு உப்பி டிராக்கை நெருக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே நிலைக்கும்.

ஒட்டும்போது டிராக்கையே அளவுகோலாகச் சந்தில் வைத்து, பக்கத்துக்கு ஒரு காகிதம் செருகிக்கொள்ளுங்கள். டிராக்கின் மேல் செலோ டேப் சுற்றினால் பசை பிடிக்காது. டிராக்கை ஹாக்சாவால், அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு போட்டு, பலகையை விட 1 மி.மீ. குறைவாக அறுக்க வேண்டும். அறுத்த முனையின் பிசிறை வெளியே மட்டுமல்லாமல் உள்பள்ளத்திலும் சிறு அரத்தால் எடுங்கள். போல்ட் நகராமல் சிக்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிசிறுதான்.

டிராக்கை மரத்திருகால் பிடிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு துளையிட்டு, எம்4 × 30 (4 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம்) தட்டைத்தலை போல்ட்டை மேலிருந்து இறக்கி, கீழே வாஷரும் நட்டும் போட்டு முறுக்குங்கள். போல்ட் தலை டிராக்கின் தரைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். தரை மெல்லியது, ஆகவே குழியை அளவோடு எடுங்கள். இரண்டு டிராக்கும் நடுவிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருப்பதால் நட்டுகள் பெரும்பாலும் இரும்பு மேசைக்கு வெளியே விழும். பின்னாளில் ஸ்பேனர் போட இடம் இருக்கும். பிட் இறங்கும் இடத்தில் டிராக் வராது என்பது இன்னொரு நன்மை. அந்த இடத்தில் 75 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கழற்றி மாற்றும்படி விடுங்கள். துளையிடும் மரத்தின் அடிப்பக்கம் சிலாம்பு பெயராமல் இருக்க அது உதவும்.

போல்ட் விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டிராக்கினுள் நகரும் நட்டைப் போட்டு மேலிருந்து போல்ட்டை முறுக்கும்போது, போல்ட் நீளமாக இருந்தால் அதன் முனை டிராக்கின் தரையில் முட்டி, ஜாக்கி போல நட்டை மேலே தள்ளி டிராக்கின் வாய் விளிம்பை வளைத்துவிடும். தலை உள்ளே இருக்கும் எம்8 டி-போல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. நான்கு வாங்கினால் போதும்: ஃபென்ஸுக்கு இரண்டு, கிளாம்புக்கு இரண்டு. மில்லிங் மெஷினுக்கான எஃகு டி-போல்ட் இதில் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். அறுத்து மிஞ்சிய டிராக் துண்டைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பலகையை இரும்பு மேசையின் சந்துகள் வழியாக இரண்டு எம்8 போல்ட்டால் இறுக்கியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். அதன் முனை நாலாபுறமும் ஒரே மாதிரி உரச வேண்டும். எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறதோ அந்தப் பக்கத்துக்கு அடியில் குளிர்பான டின் தகடு வைத்தால் சரியாகும். ஃபென்ஸ் 60 மி.மீ. உயரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். தாண்டினால் மெஷினின் கைப்பிடி அதில் இடிக்கலாம். ஃபென்ஸின் கீழ் விளிம்பை 3 மி.மீ. செதுக்கிவிட்டால் தூள் அடைந்து அளவு மாறாது. கதவு விளிம்புக்கும் குழிக்கும் இடையே 5 மி.மீ. விட வேண்டுமானால் ஃபென்ஸிலிருந்து பிட்டின் மையம் 22.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் எத்தனை கதவானாலும் அதே அளவுதான். கையுறை மட்டும் போடாதீர்கள், பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் டிராக்கின் நீளத்தையும் நிறத்தையும் மட்டும் காட்டாமல், குறுக்குவெட்டு வரைபடத்தில் மேல்வாய் அகலம், உள் அகலம், தரையின் கனம், பொருந்தும் போல்ட் அளவு ஆகிய நான்கையும் கொடுங்கள். இவை தெரியாமல் வாங்குபவர் டிராக் ஓரிடத்திலும் போல்ட் வேறிடத்திலும் வாங்கி இரண்டையும் வீணாக்குகிறார்.

இப்படிக்கு,
மரவேலைப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.