செதுக்கியவரும் அச்சடித்தவரும் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானிய இலையுதிர்காலப் படங்கள் பற்றிய கட்டுரையில், "ஒவ்வொரு இலைக்கும் ஹிரோஷிகே தன் கையாலேயே வண்ணம் தீட்டினார்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓவியரான ஹிரோஷிகே தாளில் மையால் கோடுகளை வரைந்து, எங்கே என்ன நிறம் என்று சொன்னதோடு சரி. அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கியவர் வேறொருவர், நிறத்துக்கு ஒரு பலகையாகச் சாயம் தடவி, ஈரத்தாளை வைத்து, பாரென் என்கிற வட்டமான தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்து அச்செடுத்தவர் இன்னொருவர், இதற்கெல்லாம் பணம் போட்டவர் பதிப்பாளர். உங்களுக்குத் தெரியாததா இது?

நானும் மரச்செதுக்கு வேலை செய்கிறவன். மேப்பிள் இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து நுனி கூர்ந்த ஒன்றை மேடாக நிறுத்தி, சுற்றியுள்ள மரத்தை மட்டும் குடைந்தெடுப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று என் கைக்குத் தெரியும். உளி கொஞ்சம் சறுக்கினால் நுனி பெயர்ந்துவிடும், அவ்வளவுதான். இந்தத் தொழிலாளிகளின் பெயர் பெரும்பாலும் படத்தில்கூட இருக்காது. நீங்கள் அவர்கள் இருந்ததையே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

அப்புறம் கட்டுரையோடு நீங்கள் போட்ட ஹிரோஷிகேயின் படம். 1857இல் வந்த அது, ஜப்பானில் 'மாமா' என்ற பெயருள்ள ஊரின் மேப்பிள் மரங்களைக் காட்டுவது; 'எடோவின் (இன்றைய டோக்கியோவின்) நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் உள்ளது. கண்ணுக்கு முன்னால் கவையாகப் பிரியும் மரமும் பெரிய பெரிய இலைகளும், அவற்றின் இடைவெளியில் தூரத்தில் தெகோனா கோயிலும் சின்னப் பாலமும் மலையும் தெரியும். அந்த மரத்தைத் தாண்டிப் பார்ப்பதுதான் படமே. நீங்களோ மரத்தைக் கத்தரித்துவிட்டுத் தூரத்துக் காட்சியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் தப்பிய இலைகள் கறுத்திருப்பதற்குப் பராமரிப்புக் குறைவு என்று குறிப்பு வேறு. இலைக்குப் போட்ட ஈயச் செந்தூரம், அதாவது ஈயத்திலிருந்து செய்யும் செந்நிறச் சாயம், நாளாக நாளாகத் தானே கறுக்கும், ஐயா.

முன்பும் இப்படித்தான். கவாசே ஹசுயி என்கிற ஜப்பானிய ஓவியரின் 1946ஆம் ஆண்டுப் படம், ஷியோபரா என்ற ஊரின் இலையுதிர்காலத்தைக் காட்டுவது, அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டீர்கள். சிவந்த இலையெல்லாம் சாம்பலாக இருந்தது. அப்போதும் மரியாதையாக எழுதினேன், ஒரு வரி பதில் வரவில்லை.

அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஹிரோஷிகேயின் அந்த மேப்பிள் படத்தை வெட்டாமல் வண்ணத்தில் போடுங்கள். கீழே, செதுக்கியவரும் அச்சடித்தவரும் வேறு வேறு ஆட்கள் என்று இரண்டு வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்