8 என்று பதிவாகும் 12 மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்பத் துறையின் நீண்ட வேலை நேரம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளையும், அவற்றுக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். ஊழியர்கள் நேரத்தைத் திட்டமிடப் பழக வேண்டும், மாலையில் செல்பேசியை எடுத்து வைத்துவிட வேண்டும், தியானம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரைகளோடு அவற்றில் பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன. அறிவுரைகளில் தவறில்லை. ஆனால், மென்பொருள் எழுதும் பணியிலும் பின்னர் சிறு குழுவொன்றை நடத்தும் பொறுப்பிலும் இருந்து பார்த்த வகையில், சிக்கல் அதற்கு வெகு முன்பே, நடந்த வேலை நேரத்துக்கு உண்மையான கணக்கே இல்லாத இடத்தில் தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

கணக்கே இல்லை என்றால் வெளியில் இருப்பவர்கள் வியப்படையலாம். வேலை செய்த நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டை நிரப்பாமல் ஒரு வாரத்தைக்கூட எங்களால் கடக்க முடியாதே. வெள்ளிக்கிழமை மாலையானால் நினைவூட்டும் மின்னஞ்சல் தவறாமல் வந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 8 என்று இட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஏதேனும் ஒரு கட்டத்தில் 11 என்று இட்டால், கூடுதல் நேரத்துக்கு முன் அனுமதி பெறப்பட்டதா என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி தோன்றும். சமர்ப்பிக்கும் பொத்தான் மங்கிப்போய்விடும். அனுமதி கேட்டு மேனேஜருக்கு எழுதினால், கிளையன்ட்டிடம் 40 மணி நேரத்துக்குத்தான் பேசியிருக்கிறோம், இந்த வாரம் மட்டும் 8 என்றே போட்டுவிடுங்கள் என்று பதில் வரும். அந்த ‘இந்த வாரம் மட்டும்’ ஆண்டு முழுவதும் நீளும். அவரையும் நொந்து பயனில்லை. அவருடைய டைம்ஷீட்டிலும் அதே 8தான் இருந்திருக்கும்.

இந்தப் பொய்க்கணக்கின் பாதிப்பு, கிடைக்காமல் போன கூடுதல் ஊதியத்தோடு நின்றுவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. புதிய ப்ராஜெக்ட் ஒன்றுக்கு எத்தனை ஆட்கள், எவ்வளவு நேரம் தேவை என்ற எஸ்டிமேட் போட உட்காரும்போது, இதே போன்ற பழைய வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆறு பேர் நான்கு மாதங்கள் நாளுக்கு 12 மணி நேரம் உழைத்து முடித்த ஒரு வேலை, ஆவணங்களில் அதே ஆறு பேர் நாளுக்கு 8 மணி நேரத்தில் முடித்ததாக நிற்கிறது. அதை ஆதாரமாகக் காட்டி, போட்டியாளரை முந்துவதற்காக அதிலும் சிறிது கழித்து, அடுத்த கிளையன்ட்டுடன் ஒப்பந்தம் போடுகிறார்கள். உண்மையில் அந்த வேலைக்கு ஒன்பது பேர் தேவை. ஒப்பந்தத்தில் இருப்பவர்களோ ஆறு பேர். கையெழுத்தாகும் நாளிலேயே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் குறைவு. அந்த மூவரின் வேலை எஞ்சிய ஆறு பேரின் இரவுகளிலும் சனி, ஞாயிறுகளிலும் போய் விழுகிறது. பிறகு அந்த ஆறு பேரையும் அழைத்து உட்கார வைத்து, நேர மேலாண்மை குறித்து வகுப்பு எடுக்கிறார்கள்.

நெருக்கடி முற்றிய பிறகு ஆள் சேர்ப்பதும் பெரிதாக உதவுவதில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் பெரும் மென்பொருள் திட்டமொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவர்களின் தலையில்தான் விழும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆகவே ஆள் கணக்கு தொடக்கத்திலேயே சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பழைய மணிக்கணக்கு மெய்யாக இருக்க வேண்டும்.

அப்ரைசல் எனப்படும் ஊழியர் மதிப்பீட்டிலும் இதே கோளாறு வேறு வடிவில் வருகிறது. ஒருவர் 8 மணி நேரம் வேலை செய்து குறித்த நேரத்தில் கிளம்புகிறார்; மற்றவர் 12 மணி நேரம் இருக்கிறார். இருவரும் 8 என்றே பதிந்திருப்பதால், இரண்டாமவர் அதே நேரத்தில் ஒன்றரை மடங்கு வேலை முடித்த திறமைசாலியாகத் தோன்றுகிறார். முதலாமவரின் வேலையில் பிழை குறைவாக இருந்தாலும் ‘ஈடுபாடு போதாது’ என்ற குறிப்பு அவர் பெயருக்கு எதிரே ஏறிவிடும். குழந்தைகளையோ முதியவர்களையோ கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இத்துறையில் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருவதற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கணக்கில் ஏறாத மற்றொரு நேரம், ஆன்-கால் எனப்படும் காத்திருப்பு நேரம். இரவு இரண்டரை மணிக்கு எச்சரிக்கை ஒலிக்கிறது. சர்வரில் நினைவகம் நிரம்பிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் வழியாக அலுவலக வலையமைப்பில் இணைந்து, சர்வரில் நடந்தவை பதிவாகும் லாக் கோப்புகளைப் பார்த்து, சேவையை மறுபடி இயக்கிவிட்டு, நடந்ததை டிக்கெட் எனப்படும் கோளாறுப் பதிவில் எழுதி மூடுவதற்கு இருபது நிமிடம் ஆகிறது. பதிவு செய்ய வாய்ப்பிருந்தால் அந்த இருபது நிமிடம் பதிவாகும். அதற்குப் பின் நான்கரை மணி வரை வராத தூக்கமும், மீண்டும் ஒலித்துவிடுமோ என்று செல்பேசியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு கழிக்கும் அந்த வாரத்தின் மற்ற இரவுகளும் யாருடைய ஏட்டிலும் வரா. காலை ஒன்பதரை மணிக்கு ஸ்டாண்ட்-அப் எனப்படும் அன்றாடக் குழுக் கூட்டத்துக்கு வழக்கம்போல ஆஜராக வேண்டும். கிளையன்ட் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் இரவு ஒன்பதரைக்கும் ஒரு தொலைபேசிக் கூட்டம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஓய்வெடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காத்திருப்பதும் வேலைதானா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவர், அழைப்பு வந்தால் 8 நிமிடத்துக்குள் பணியிடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வீட்டில் காத்திருந்த நேரம் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. எச்சரிக்கை ஒலித்த சில நிமிடங்களுக்குள் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும் என்று விதிக்கும் எங்கள் நிறுவனங்கள் இந்தத் தர்க்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

அதிக நேரம் உழைத்தால் அதிக வேலை நடக்கும் என்ற நம்பிக்கையும் இத்துறையில் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. அலிபாபா நிறுவனர் ஜாக் மா, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வாரம் 6 நாள் என்ற ‘996’ முறையை ஒரு வரம் என்று 2019இல் புகழ்ந்தார். இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் கூறினார். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலை ஆவணங்களை ஆராய்ந்த ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்காவல், வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த மொத்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 2014இல் வெளியான கட்டுரையில் காட்டினார். அது உடலுழைப்பு. எங்கள் வேலையிலோ களைப்பின் விளைவு, செய்து முடித்த வேலையின் அளவு குறைவதோடு நிற்பதில்லை. நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்த மாற்றம், பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் அமைப்பான புரொடக்‌ஷனில் ஏறி, அதை அவிழ்த்துச் சரிசெய்ய மறுநாள் மூன்று பேர் உட்கார வேண்டியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஓர் ஆய்வு கண்டது. மது அருந்தியவரிடம் வங்கியின் சர்வரை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

உடல்நலம் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. வாரம் 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உழைத்ததன் விளைவாக, பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. எத்தனை மென்பொருள் ஊழியர்கள் அந்த 55 மணி நேர எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பதை நிறுவன ஆவணங்களிலிருந்து கண்டறியவே முடியாது. எல்லாரும் 40இல் இருக்கிறார்கள்!

இந்த வகையில் 996 முறையிலாவது ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது. எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் சீனத்து நிரலாளர்கள் 2019இல் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் திரண்டு அதை எதிர்க்க முடிந்தது. 2021இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று அறிவிக்கவும் முடிந்தது. ஏட்டில் 8 என்று மட்டும் இருந்தால் எதை எதிர்த்து வழக்காடுவது?

வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் நடைமுறைப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் எங்கள் துறையில் இரவு வேலைக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்ற தேதி ஒன்றே போதும், ஊழியர் தாமாகவே லேப்டாப்பைத் திறந்துவிடுவார். ஆகையால், ஒவ்வொருவரின் அன்றாட வேலை நேரத்தையும் அளக்க நம்பகமான, ஊழியரும் பார்க்கக்கூடிய ஒரு முறையை நிறுவனங்கள் ஏற்படுத்த உறுப்பு நாடுகள் வகை செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே மாதம் அளித்த தீர்ப்பையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். உண்மையான பதிவு இல்லாவிட்டால் அதிகபட்ச வேலை நேரம், குறைந்தபட்ச ஓய்வு என்ற உரிமைகளை ஊழியரால் நிலைநாட்ட இயலாது என்பதே அதன் அடிப்படை.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் வேலை நடப்பதில்லை என்பார்கள், உண்மைதான். பயனற்ற மீட்டிங்குகளில் பாதி நாள் போய்விடுகிறது என்றால் அதுவும் பதிவில் தெரியட்டுமே. கண்காணிப்பு கூடிவிடுமே என்ற அச்சம் இதைவிட வலுவானது. மவுஸ் அசைவை எண்ணுவதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுப்பதும் ஏற்கெனவே சில இடங்களில் நடக்கின்றன. அவற்றை நான் எதிர்க்கிறேன். நான் கேட்பது அதுவன்று. வேலையைத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையில் எழுப்பப்பட்டிருந்தால் அந்த நேரம் ஆகிய மூன்றும் போதும். அவற்றை ஊழியரே பதிய வேண்டும். 8ஐத் தாண்டியதும் சிவப்பு வரி காட்டித் தடுக்கும் பூட்டு இருக்கக்கூடாது. மேனேஜர் திருத்தினால் திருத்தியவர் பெயரும் காரணமும் பதிவில் நிற்க வேண்டும். நிரலில் ஒரு வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துக்காட்டும் கருவிகளை அன்றாடம் பயன்படுத்தும் துறைக்கு இது தொழில்நுட்ப அளவில் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பெயினில் இத்தகைய அன்றாடப் பதிவு 2019 மே முதல் கட்டாயம். அதை நிறுவனங்கள் 4 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஊழியரும் அவர்களின் பிரதிநிதிகளும் தொழிலாளர் ஆய்வாளரும் கேட்டால் காட்ட வேண்டும். தொழில்நுட்பத் துறையின் வேலை நேரம் குறித்து எழுதும் தங்கள் செய்தியாளர்கள், நிறுவனங்களின் பேட்டிகளில் யோகா வகுப்புகளைப் பற்றிக் கேட்கும்போது, டைம்ஷீட்டில் 8க்கு மேல் பதிய முடியுமா, பதிந்தால் அந்த மணி நேரம் அடுத்த எஸ்டிமேட்டில் சேருமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்