மன்னிப்பும் வேலிக் கதியாலும்

ஆசிரியர் அவர்கட்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் வந்தால் யாழ்ப்பாணத்து ஆலயங்களில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பல வருடமாகக் கதை பேச்சில்லாத அண்ணன் வீட்டுப் படலையை எப்படித் திறப்பது என்று கேட்டால் அவற்றில் பதில் இல்லை. மனதில் கோபம் தணிந்தால் போதும் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். நற்செய்தியோ யார் போவது, எப்போது போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பது வரை சொல்கிறது.

மத்தேயு 18:15-17ஐப் பாருங்கள். பிழை செய்தவரை முதலில் தனியே கண்டு பேச வேண்டும். கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிச் செல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் விஷயம் சபைக்குப் போகும். நம்மவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அயல்வீட்டார் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு இரண்டு மாமிமார் தூது போவார்கள், நேருக்கு நேர் சந்திப்பது யாருடையவோ செத்தவீட்டில். அதற்குள் பிழை செய்தவருக்குத் தன் பிழை மறந்து, ஊர் முன் பட்ட அவமானம் மட்டும் மனதில் நிற்கும். ‘அவர் முதலில் வரட்டும்’ என்ற வழமையான வாதத்துக்கும் இடமில்லை. மத்தேயு 18 பாதிக்கப்பட்டவரைப் போகச் சொல்கிறது. மத்தேயு 5:23-24 பிழை செய்தவரை, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. ஆக, இருவருமே புறப்பட வேண்டியவர்கள்.

நாம் அதிகம் கோட்டை விடுவது ஈடு செய்வதில். லேவியர் 6ஆம் அதிகாரத்தின்படி, ஏமாற்றி எடுத்தவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதையும் குற்றநீக்கப் பலி செலுத்தும் அதே நாளில். நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும் அதனால் விளைந்த கேட்டைச் சீராக்காது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணும் சொல்கிறது. நம் ஊருக்கு இதன் பொருள் என்ன? வேலி அடைக்கும்போது கதியாலை, அதாவது வேலித் தடியை, ஒரு முழம் அரக்கிப் போட்டவர், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அழுவது போதாது. உறுதியை எடுத்து, நில அளவையாளரைத் தம் செலவில் கூப்பிட்டு, கதியாலைப் பழைய இடத்தில் நட வேண்டும். காணிக்காரர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். பழி சொன்னவர், யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமே போய் அது பொய் என்று சொல்ல வேண்டும். காணியைத் திருப்புவதைவிட இது கடினம்; வாயால் போனதற்கு எல்லைக்கல் கிடையாது.

மன்னிப்பதால் பட்ட இழப்பு சிறிதாகிவிடுவதில்லை. மத்தேயு 18இன் உவமையில், அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி பெற்ற ஊழியன் தன் சக ஊழியனை மன்னிக்க மறுக்கிறான்; அந்தச் சக ஊழியன் பட்ட கடன் நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் அன்று ஒரு நாள் கூலி, ஆகவே அது மூன்று மாத உழைப்புக்கு மேல். அந்தப் பத்தாயிரம் தாலந்து என்ற பெருந்தொகைக்கு முன்னால்தான் அது சிறுதொகை.

மன்னிப்பதும், மீண்டும் சேர்ந்து வாழ்வதும், தண்டனையிலிருந்து விடுவிப்பதும் வெவ்வேறு காரியங்கள். 1981 மே 13இல் தம்மைச் சுட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நான்கு நாட்களில் வெளிப்படையாக மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்குப் போய்ச் சந்தித்தார். ஆனாலும் இத்தாலி சுட்டவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தது 2000இல்தான். அடிக்கும் கணவனிடம் ‘மன்னித்துத் திரும்பிப் போ’ என்று பெண்ணுக்குப் புத்தி சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுபவர்களும்தான். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பது மன்னிப்புக்கு எதிரானதல்ல. நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மீது 1995 ஜூலை 9இல் குண்டு விழுந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்வதும் அப்படித்தான்.

பங்குத்தந்தையருக்கும் அருட்பணிச் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தன் பாவங்களைத் தானே ஆராயும் ஆத்தும சோதனையையும் பாவசங்கீர்த்தனத்தையும் ஒரே மாலையில் முடிக்காதீர்கள். தவக்காலத்தின் மூன்றாம் வாரம் ஆத்தும சோதனை, ஐந்தாம் வாரம் பாவசங்கீர்த்தனம் என்று வைத்தால், இடையில் போய்ப் பேசவும் கடன் தீர்க்கவும் இரண்டு வாரம் கிடைக்கும். சமரசத்துக்குப் பங்குத்தந்தையின் உதவி வேண்டுபவர்கள் அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே கேட்டதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவே முடியாது. திருச்சபைச் சட்டம் 983 தடுக்கிறது. பங்குமனைக்குப் போய்த் தனியே, சாதாரணப் பேச்சாகச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாசையூர், யாழ்ப்பாணம்.