உச்சி தொடாமல் திரும்பினாலும் ஷெர்பாவின் பணம் குறையக் கூடாது

எவரெஸ்ட் ஏற முன்பணம் கட்டத் தயாராகும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடிவார முகாமுக்குப் போகும் வழியில் துக்லா கணவாய் வரும். மலையில் உயிர்விட்டவர்களுக்குக் கல்லடுக்கி எழுப்பிய நினைவுச் சின்னங்கள் அங்கே வரிசையாக நிற்கும். நான் அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தபோது ஒரு சுமையாள் ஏறி வந்தார். முதுகுக் கூடையின் வார் நெற்றியில் பதிந்திருந்தது. அந்த வாரை நாம்லோ என்பார்கள். கையிலிருந்த குட்டையான கட்டையைப் பின்னால் ஊன்றி, கூடையை அதன்மேல் தாங்கவிட்டு, நின்றபடியே மூச்சு வாங்கினார். வாரை நகர்த்தியபோது நெற்றியில் சிவந்த தடம் தெரிந்தது. உட்காரவே இல்லை, ஒரு நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

அந்தச் சுமைகளில் பல முகாமோடு நிற்பதில்லை. அங்கிருந்து கும்பு பனியருவி எனும், பனிப்பாளங்கள் உடைந்து நகரும் சரிவு வழியாக, வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளுமான ஷெர்பாக்கள் மேலே கொண்டுபோகிறார்கள். நீங்கள் அதை இரண்டு மூன்று முறை கடப்பீர்கள். கூடாரம், கயிறு, கேஸ், ஆக்சிஜன் சிலிண்டர் என்று சுமந்துகொண்டு, ஒரே பருவத்தில் பத்து முறைக்கு மேல் கடக்கும் ஷெர்பாக்கள் உண்டு. 2014 ஏப்ரல் 18 காலையில் அங்கே சரிந்த பனியில் இறந்த 16 பேருமே நேபாளத் தொழிலாளர்கள். அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சமானது. 2023 ஏப்ரலில் அதே பனியருவியில் இன்னும் மூன்று ஷெர்பாக்கள் இறந்துபோனார்கள்.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? ஒன்று நம் கையில்தான் இருக்கிறது: சம்மிட் போனஸ். பல மலையேற்ற நிறுவனங்களில், கூட்டிப்போன வாடிக்கையாளர் உச்சியைத் தொட்டால்தான் வழிகாட்டிக்கு அந்தப் பணம் முழுதாகக் கிடைக்கும். வருடச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதியை அந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே ஈட்டுகிறவர் அவர். நேரம் கடந்துவிட்டது, காற்று ஏறுகிறது, நம் நடை தள்ளாடுகிறது. 'போதும், இறங்கலாம்' என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். சொன்னால் அவர் வீட்டுக்குப் போகும் பணம் குறையும். இப்படி ஒரு நிலையில் அவரை நிறுத்துவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. நம் உயிருக்கும் அது நல்லதில்லை.

2023 மே மாதம் உச்சி நோக்கிப் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி கெல்ஜே ஷெர்பா, பால்கனி எனும் பகுதிக்கு அருகே உறைந்துகொண்டிருந்த ஒரு மலேசிய மலையேறியைப் பார்த்தார். தான் கூட்டிவந்தவரிடம் பேசி, அவருடைய உச்சி ஆசையைக் கைவிடச் செய்தார். பிறகு அவரும் இன்னொரு ஷெர்பாவும் அந்த மலேசியரைப் பாயில் சுற்றி, மாறிமாறி முதுகில் சுமந்தும் இழுத்தும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இறக்கினார்கள். அவர் பிழைத்தார். அதே மாதம் நம் தமிழ்நாட்டு மலையேறி முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் நின்ற செய்தியில் எனக்கு எவ்வளவு நெஞ்சு நிறைந்ததோ, இதிலும் அவ்வளவு நிறைந்தது.

2025 செப்டம்பரிலிருந்து வசந்த கால அனுமதிக் கட்டணமே 11,000 டாலரிலிருந்து 15,000 ஆகிவிட்டது. மொத்தச் செலவு இன்னும் பல மடங்கு. இவ்வளவு கட்டும் உங்களால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்ல முடியும்: எங்கே திரும்பினாலும், திரும்பச் சொன்னது வழிகாட்டியே ஆனாலும், போனஸ் முழுதாக அவருக்கு. அப்புறம், அவருக்கு ஹெலிகாப்டர் மீட்புக்கும் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள். முன்பணம் கைமாறுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கும்பு பாதையில் நடந்து வந்த ஒருத்தி