72 மணி நேரக் கணக்கு

திண்டுக்கல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் கனத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, போனில் பேச முடியாத சங்கதி என்று. சம்பந்தி வீட்டோடு தங்கியிருக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பேசுவாய்? எழுதியது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் உன் மகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். ஆணுறை கிழிந்த மறுநாள் சாயங்காலமே அவசரக் கருத்தடை மாத்திரை போட்டிருக்கிறாள். நாள் தள்ளி நாலு நாள்தான் ஆகிறது. அந்த மாத்திரை போட்டால் மாதவிலக்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆவது சகஜம். ஆணுறை கிழிந்த தேதியிலிருந்து 3 வாரம் ஆனதும் சிறுநீர் டெஸ்ட் செய்து பார்க்கட்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதே இல்லை.

அப்புறம், நீ கேட்டிருந்தாயே, "85 சதவீதம்தான் தடுக்கும் என்று மாப்பிள்ளை படித்துச் சொன்னார், அப்படியென்றால் 100 பேரில் 15 பேர் முழுகாமல் ஆகிவிடுவார்களா?" என்று. எத்தனையோ பேர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நாம் பல்லாங்குழி ஆடின புளியங்கொட்டையை நினைத்துக்கொள். 100 கொட்டை, 100 பெண்கள். இரண்டு மாதவிலக்குக்கு நடுப்பகுதியில் ஒரே ஒரு தடவை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தவர்கள். மாத்திரையே போடாவிட்டாலும் அவர்களில் கர்ப்பமாகக்கூடியவர்கள் சுமார் 8 பேர்தான். இந்த 8 கொட்டைகளில்தான் அந்த 85 சதவீதக் கணக்கு. சரியான நேரத்தில் மாத்திரை போட்டால் அந்த எட்டு, ஒன்று ஒன்றரையாகக் குறையும்.

அந்த 85 என்ற எண் 1998-இல் உலக சுகாதார நிறுவனம் சுமார் 2,000 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்பதுதான் மருந்தின் பெயர். அந்த ஆய்வை மறக்கவே முடியாதபடி என் மனதில் நிறுத்தியது அதிலிருந்த நேரக் கணக்கு. 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு 95 சதவீதம் தடுத்தது. இரண்டாம் நாள் போட்டவர்களுக்கு 85. மூன்றாம் நாள் 58-க்கு இறங்கிவிட்டது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் இதைவிடக் குறைவான எண்களும் வந்திருக்கின்றன. ஆனால் சீக்கிரம் போடுவது நல்லது என்பதில் மாற்றமில்லை. மாத்திரை போட 72 மணி நேரம் இருக்கிறதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது, மல்லிகா.

காரணம் இதுதான். விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளியே வந்தால் ஒரு நாள்தான். மாத்திரை செய்வதெல்லாம், முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. முட்டை வந்துவிட்டால், அல்லது வருவதற்கான ஹார்மோன் ஏற ஆரம்பித்துவிட்டால், மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. உங்கள் வீட்டில் யாராவது கலைப்பு மாத்திரை என்று பேசினால் அந்த மருந்து வேறு, இது வேறு என்று தயங்காமல் சொல். மகள் ஒரு பாவமும் செய்யவில்லை.

குடும்ப நல ஓ.பி.யில் வேலை பார்த்தபோது நடந்த ஒன்று சொல்கிறேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பெண். முந்தின நாள் ராத்திரி நடந்தது, காலை எட்டு மணிக்கே வந்து நிற்கிறாள். நேரமெல்லாம் சரி. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா அம்மா என்று கேட்டேன். கைப்பையிலிருந்து மஞ்சப்பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். காசநோய் மாத்திரை. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், இந்த மாத்திரையின் சத்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படித்தான். டாக்டரம்மா அன்றைக்கே கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டு அனுப்பினார். 5 நாளுக்குள் போட்டால் 1,000 பேரில் ஒருவருக்குத்தான் தவறும். எந்த மாத்திரையும் அதன் பக்கத்தில் வராது. உடம்பு எடை 70 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறையலாம், அவர்களுக்கும் இதுவே நல்லது. அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் போடுகிறார்கள், வருஷக்கணக்கில் கவலையும் இல்லை. இருந்தும் அவசரத்துக்குக் காப்பர் டி போடலாம் என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இன்னொரு மனக்குறை கடைகள். மாப்பிள்ளை நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினதாக எழுதியிருக்கிறாய். என் தங்கை மகளுக்கும் அதே கதைதான், நானும் கூடப் போயிருந்தேன். கல்லாவில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா" என்றார். அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அவர் கண் தேடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மருந்துச் சீட்டே இல்லாமல் விற்கலாம் என்று 2005-லேயே அனுமதி வந்த மருந்து அது. சட்டத்தில் தடை கிடையாது. கடை கடையாக அலைகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் ஒன்று வாங்கி வைக்கட்டும். பாராசிட்டமால் வைத்திருப்பதுபோல.

ஆனால் மாதாமாதம் இதையே நம்பி இருக்க வேண்டாம். போட்ட பிறகு அதே மாதத்தில் மறுபடி சேர்ந்தால் அதற்கு இது காவல் இல்லை. அடிக்கடி போட்டால் மாதவிலக்கும் தாறுமாறாகும். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தாளா என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுது. அப்படியென்றால் மறுபடி ஒன்று போட்டிருக்க வேண்டும். டெஸ்ட் செய்வதில் இன்னும் கவனமாக இருக்கலாம்.

இங்கே எல்லாரும் சுகம். மூட்டுவலிதான் மாடிப்படி ஏற விடவில்லை. நீ கொடுத்த குண்டுமல்லிப் பதியன் வேர் பிடித்து மூன்று மொட்டு விட்டிருக்கிறது.

டெஸ்ட் எடுத்த அன்றைக்கே போன் செய். பக்கத்தில் யாராவது இருந்தால் "செடி நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எதுவும் பேசாமல் வைத்துவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் வந்து அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறேன்.

உன்
சரசு