எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என் மகள் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகிறது. முதல் வாரம் அவள் தூங்கியதைவிட எழுந்து உட்கார்ந்ததுதான் அதிகம். காரணம் என் அம்மா. "படுத்தபடி புரளாத, எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படு, இல்லாட்டி கொடி பிள்ளை கழுத்துல சுத்திக்கிரும்" என்று ராத்திரியெல்லாம் காவல். நானும் இரண்டு பிள்ளைக்கும் அப்படி எழுந்து உட்கார்ந்தவள்தான்.

பரிசோதனைக்குப் போன இடத்திலோ "இடது பக்கமே படு" என்று ஒரே வரி. ஏன், எந்த மாதத்திலிருந்து, வலது பக்கம் படுத்தால் என்ன, ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் விடியற்காலையில் மல்லாந்தபடி கண்விழித்தவள், பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று அழுதுவிட்டாள். அப்புறம் வேறொரு நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டோம்.

கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரள்வதால்தானாம், தாய் புரள்வதால் இல்லை. கழுத்தில் கொடி சுற்றியபடி நல்லபடியாகப் பிறக்கும் பிள்ளைகள் நிறைய. படுக்கையைக் கவனிக்க வேண்டியது 28 வாரத்துக்கு மேல். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அமுக்குகிறது. பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். மல்லாந்து தூங்கப் போகிறவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுதல் என்று நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடதும் சரி, வலதும் சரி. நெஞ்செரிச்சல் இருந்தால் இடது சுகம். தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

எங்களுக்கு இடைஞ்சல் கயிற்றுக்கட்டில்தான். கரண்ட் போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுக்க முடியாது, கட்டிலை வாசலில் போட்டுவிடுவோம். அது நடுவில் தொட்டில் மாதிரி குழிந்து கிடக்கிறது. ஒருக்களித்துப் படுத்தவளைக் கொஞ்ச நேரத்தில் மல்லாக்கத் தள்ளிவிடும். அதைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, ஓலைப்பாயில் இரண்டு போர்வை விரித்தோம். என் பழைய நூல்சேலைகளைச் சுருட்டி முதுகுக்கு அண்டக் கொடுத்தோம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எழும்போது பக்கவாட்டில் கையூன்றி எழுகிறாள். இப்போது தூங்குகிறாள்.

நர்ஸம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணியிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கூட வரும் அம்மா, மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ராத்திரி பக்கத்தில் படுப்பது நாங்கள்தானே. பிள்ளை அசைவு குறைந்தால் எப்படிப் படுத்தாய் என்று விசாரணை நடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் எங்களிடமே சொல்லுங்கள்.

என் அம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. "பேப்பர்ல வரட்டும், பாப்போம்" என்கிறார். அதனால் இதைக் கொஞ்சம் சீக்கிரம் பிரசுரிக்கவும். மகளுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாட்டியாகப் போகும் ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.