டிரைவர் சீட்டில் ஆளில்லை

காரிமங்கலம்
ஆடி 4

பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். மாங்காய் இந்த வருஷமும் விலை போகவில்லை, அதை எழுதி உன் மனசை ஏன் கெடுக்க வேண்டும்.

நீ அனுப்பின வீடியோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். சான் பிரான்சிஸ்கோவில் ராத்திரி பதினொரு மணிக்கு வேமோ வாடகைக் கார் போகிறது, ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது, டிரைவர் சீட்டில் ஆளில்லை, பின்சீட்டில் நீ. எதிர்வீட்டுப் பெரியப்பா மூன்று தரம் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் பொண்ணுக்கு டிரைவரே வேண்டாமாம்" என்றார். எனக்கும் சிரிப்புதான், பெருமைதான்.

கடைசியில் நீ ஒரு வார்த்தை சொல்கிறாய். "இதுல பயமில்லப்பா, ஆள் இல்லல்ல." அதை நான் தனியாக உட்கார்ந்து பலதரம் கேட்டேன். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. "பிஸிப்பா" என்று மட்டும் மெசேஜ் வருகிறது.

ராத்திரியில் தனியாகப் போகாதே. போனால் ஏறும்போதே தோழிக்குச் சொல்லிவிடு.

அந்த வண்டியை நான் குறை சொல்லவில்லை. தலைமேல் சுற்றுகிற அந்தக் குடுமி லேசர் விட்டு நாலு பக்கமும் பார்க்கிறதாம். குடிக்காது, தூங்கி விழாது, டீசல் மிச்சம் பிடிக்கத் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாது. நாங்கள் விட்டோம். பிரேக் காய்ந்து புகை வரும்வரை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2024 ஜனவரியில் அந்த இறக்கத்துப் பாலத்தில் விபத்தாகி நாலு பேர் போனார்களே, அன்றைக்கு நீயே பயந்து போன் செய்தாய். கண் மங்கினவர்கள், வயசானவர்கள், யாரையும் கெஞ்சாமல் ஆஸ்பத்திரி போய்வரலாம் என்பதும் நல்லதுதான். உன் அம்மாயி இருந்திருந்தால் ஏறியிருப்பாள்.

ஆனால் 2018இல் அரிசோனாவில் சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபர் கம்பெனியின் தானாக ஓடும் கார், ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டது. மெஷினுக்கு அது சைக்கிளா, வண்டியா, வேறு என்னவோவா என்று மாறிமாறித் தோன்றியதாம். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கேஸ் அந்த அம்மாள் மேல். கம்பெனி மேல் இல்லை. எந்த ஊரானாலும் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தவர் தலையில்தான் விடிகிறது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். 2024இல் உங்கள் ஊரிலேயே ஆண்கள் குறுக்கே நின்று வேமோ வண்டியை மறித்து, உள்ளே இருந்த பெண்ணிடம் போன் நம்பர் கேட்டு வம்பு செய்தார்களாம். முன்னால் ஆள் நின்றால் அது நகராதாமே. டிரைவர் இருந்தால் ஹாரன் அடிப்பான், ரிவர்ஸ் எடுப்பான், இறங்கி நாலு வார்த்தை கேட்பான். கதவைத் திறக்காதே. உள்ளே உதவிக்கு பட்டன் இருக்கிறதாம், அது எங்கே இருக்கிறதென்று ஏறினவுடன் பார்த்துக்கொள். ராத்திரியில் தனியாகப் போகாதே.

மத்திய மந்திரி கட்கரி 2017இலும் சொன்னார், 2023இலும் சொன்னார், டிரைவர் பிழைப்பு போய்விடும், இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று. நம் தெருவில் மட்டும் ஏழு பேர் ஸ்டீயரிங்கை நம்பி இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் அவர் சொல்வது சரி. உன்னை நினைத்தால் தெரியவில்லை.

இந்த ஆளில்லா வண்டிக்கு முன்னால் டிரைவர் வண்டியில்தானே போய்வந்தாய்? எப்போது மாற்றினாய்? சும்மா கேட்கிறேன்.

இல்லை, சும்மா கேட்கவில்லை. நீ பால்வாடி போய்க்கொண்டிருந்த வருஷம். நாசிக் வெங்காய லோடு, கூட இன்னொரு டிரைவர். ஓசூரில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், கிருஷ்ணகிரி வரை என்று கேட்டு ஏறினாள். ஓட்டினது அவன். நான் பின்னால் படுத்திருந்தேன். மேலுமலை இறக்கத்தில் "அண்ணா, கையை எடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து "வண்டியை நிறுத்துங்க" என்றாள். இரண்டும் என் காதில் விழுந்தது. நான் தூங்குகிறவன் மாதிரி அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் ஓனருக்கு மச்சான். குருபரப்பள்ளி பக்கம் எதிரே லாரி வந்து வண்டி மெதுவானபோது குதித்துவிட்டாள். என்ன ஆனாள் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விடிந்து பார்த்தால் கேபினில் நீல வார் போட்ட ஒற்றைச் செருப்பு. மதுரை வரை அங்கேயே கிடந்தது. அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பத் தம்பியிடம் கொடுத்தால் படித்துவிடுவான் என்று நானே தட்டுத்தடுமாறி அனுப்புகிறேன். கோணலாக இருந்தால் திருப்பிப் படி.

செவ்வாய்க்கிழமை அம்மா சந்தைக்குப் போனால் வர மதியமாகும். இங்கே காலை பத்தரை என்றால் உனக்குத் திங்கள் ராத்திரி பத்து. அப்போது கூப்பிடு. சொல்லத் தோன்றினால் சொல், இல்லாவிட்டால் சும்மா லைனில் இரு. அன்றைக்கு முடியாவிட்டால் எந்த நேரமானாலும் சரி, நான் தூங்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்பா